கருத்தாடல் ஆய்வில் எது சான்று? அணுகுமுறைகள் பிரியும் இடங்கள்

ஒருவர், இரண்டு பேர் பேசிக்கொள்ளும்போது நடுவில் விழுந்த 0.8 நொடி மௌனத்தை அளக்கிறார். இன்னொருவர், 14 கோடிச் சொற்கள் கொண்ட செய்தித் தொகுப்பில் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் வேறு எந்தச் சொற்கள் வருகின்றன என்று எண்ணுகிறார். மூன்றாமவர் ஒரே ஒரு தலையங்கத்தை எடுத்துக்கொண்டு அதிகாரத்தைப் பற்றி 30 பக்கம் எழுதுகிறார். மூவரும் தாங்கள் செய்வது கருத்தாடல் ஆய்வு என்கிறார்கள். பயன்பாட்டு மொழியியலுக்குள் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இவற்றை ஆசிரியர் பெயர்களோடு பட்டியலாக மனப்பாடம் செய்தால் குழப்பம் கூடுமே தவிரக் குறையாது. ஒவ்வோர் அணுகுமுறையிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் வழி தெரியும்: "நீ சொல்வதற்கு எதைச் சான்றாகக் காட்டுவாய்?" இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டே போகிறது.

## முதலில் சொற்கள்

"கருத்தாடல்" என்ற சொல் மூன்று வெவ்வேறு பொருளில் புழங்குகிறது.

1. வாக்கியத்தைவிடப் பெரிய மொழி அலகு. அமெரிக்க மொழியியலாளர் ஸெல்லிக் ஹாரிஸ் 1952-இல் இந்தப் பொருளில்தான் கருத்தாடல் ஆய்வு என்ற தொடரைத் தம் கட்டுரைக்குத் தலைப்பாக்கினார். ஒரு பனுவலில் எந்த உறுப்புகள் ஒத்த சூழலில் வருகின்றன என்று பார்த்து, வாக்கியங்களுக்கு அப்பாலும் ஒழுங்கு உண்டு என்று காட்டுவது அவர் நோக்கம்.
2. பயன்பாட்டில் உள்ள மொழி. யார், யாரிடம், எந்தச் சூழலில், எதைச் செய்வதற்காகப் பேசினார் என்பது. பயன்பாட்டு மொழியியலில் பெரும்பாலும் இதுவே பொருள்.
3. ஒரு துறையோ காலமோ ஒன்றைப் பற்றி எதைப் பேசலாம், எதைப் பேச முடியாது என்று வரையறுக்கும் ஒழுங்கு. பிரெஞ்சு மெய்யியலாளர் மிஷெல் ஃபூக்கோவின் வழியில் வந்த பொருள் இது. தமிழில் கோட்பாட்டு எழுத்துகள் இதைப் பெரும்பாலும் "சொல்லாடல்" என்கின்றன. மொழியியல் எழுத்துகள் "கருத்தாடல்" என்கின்றன.

ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் கோளாறு இந்த மூன்றையும் கலப்பதுதான். கோட்பாட்டு இயலில் மூன்றாம் பொருளைப் பற்றிப் பெரிதாகப் பேசிவிட்டு, பகுப்பாய்வு இயலில் இணைப்புச் சொற்களை எண்ணி முடித்துவிடுவார்கள். இரண்டுக்கும் நடுவே பாலமே இருக்காது.

## கண்முன்னால் எட்டு வரி

கருவிகள் எப்படி வேலை செய்கின்றன என்று காட்ட ஒரு சிறிய துண்டு. விளக்கத்துக்காக அமைத்தது என்பதை நினைவில் வையுங்கள். உண்மையான ஆய்வில் இப்படிப் புனைந்த பேச்சு செல்லாது. அதற்கான காரணம் பின்னால் வரும்.

1 மருத்துவர்: மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடுறீங்கல்ல?
2 (0.8)
3 நோயாளி: ம்:: சாப்பிடுறேன் டாக்டர்.
4 மருத்துவர்: சரி. வேற [ஒண்ணும்
5 நோயாளி: [ராத்திரி மாத்திரை மட்டும்
6 (0.4)
7 மருத்துவர்: ராத்திரி மாத்திரை?
8 நோயாளி: சில நாள் விட்டுப்போயிடுது.

அடைப்புக்குள் உள்ள எண் நொடிக் கணக்கில் மௌனம். சதுர அடைப்பு இருவர் பேச்சும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடம். இரட்டைப் புள்ளிகள் ஒலி நீள்வதைக் குறிக்கும். கெய்ல் ஜெஃபர்சன் வகுத்த எழுத்துப்பெயர்ப்பு முறை இது. உரையாடல் பகுப்பாய்வு செய்கிறவர்கள் உலகம் முழுவதும் இதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

## சொல்வது வேறு, செய்வது வேறு

ஆங்கிலேய மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1955-இல் ஹார்வர்டில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1962-இல் நூலாயின. பேசுவதே ஒரு செயல் என்பது அவற்றின் மையம். வாக்களிப்பது, மன்னிப்புக் கேட்பது, எச்சரிப்பது எல்லாம் சொல்லால் நடக்கும் செயல்கள். ஜான் சேர்ல் 1969-இல் அதை ஒழுங்குபடுத்தினார். 1975-இல் அச்சான கட்டுரையில் எச். பி. கிரைஸ், கேட்பவர் சொல்லப்படாததை எப்படி ஊகிக்கிறார் என்பதற்கு நான்கு நெறிகளைத் தந்தார்: அளவு, உண்மை, தொடர்பு, தெளிவு. பேசுபவர் இவற்றில் ஒன்றை வெளிப்படையாக மீறினால், கேட்பவர் அவரைப் பிழைபட்டவராகக் கருதுவதில்லை, உட்பொருளைத் தேடுகிறார்.

தமிழ் வாசகருக்கு இது முற்றிலும் புதிதல்ல. நன்னூல் விடையை எட்டாகப் பிரிக்கிறது: சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. "ஆடுவாயா?" என்ற கேள்விக்கு "கால் வலிக்கும்" என்பது உறுவது கூறல். சொற்களில் மறுப்பு இல்லை, ஆனால் விடை மறுப்புத்தான். பட்டியலின் கடைசி ஐந்தும் நேரடியாகச் சொல்லாமல் விடைப்பொருளை உணர்த்துபவை என்று நன்னூல் தனியே குறிக்கிறது. கிரைஸ் கேட்ட கேள்வியின் ஒரு பகுதியை, விடைகளின் வகைப்பாடாக அது முன்பே தொட்டிருக்கிறது. வேறுபாடும் உண்டு. நன்னூல் வகைகளைத் தருகிறது. கேட்பவர் ஊகிக்கும் வழிமுறையை விளக்க முயல்வது கிரைஸ்.

இந்த அணுகுமுறையின் சான்று, மொழியை அறிந்தவரின் உள்ளுணர்வு. அதன் வலிமையும் பலவீனமும் அதுவே. 5-ஆம் வரியின் "மட்டும்" என்ற சொல், 3-ஆம் வரியின் "சாப்பிடுறேன்" என்பதை அளவு நெறிப்படி குறைபட்டதாக்கிவிடுகிறது என்று விளக்கிவிடலாம். ஆனால் 2-ஆம் வரியின் மௌனத்தைப் பற்றி இந்தக் கருவிக்குச் சொல்ல அதிகம் இல்லை.

## மௌனமும் தரவுதான்: உரையாடல் பகுப்பாய்வு

ஹார்வி சாக்ஸ் 1960-களின் முதற்பாதியில், லாஸ் ஏஞ்சலஸில் தற்கொலைத் தடுப்பு மையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளின் பதிவுகளைக் கேட்டுக் கேட்டுத் தொடங்கியது இந்தத் துறை. 1974-இல் சாக்ஸ், இமானுவேல் ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் எழுதிய கட்டுரை, பேச்சு முறை எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு விதிகள் தந்தது. ஒரு பேச்சு அலகு முடியக்கூடிய இடம் வந்ததும் நடப்பது இதுதான்:

1. பேசுபவர் அடுத்தவரைத் தேர்ந்திருந்தால் அவர் பேச வேண்டும்.
2. தேர்ந்திருக்காவிட்டால், முதலில் தொடங்குபவருக்கு முறை கிடைக்கும்.
3. யாரும் தொடங்காவிட்டால் முன்பு பேசியவரே தொடரலாம்.

இந்த விதிகள் யாரோ மேலிருந்து விதித்தவை அல்ல. பேசுபவர்கள் நொடிக்கு நொடி கடைப்பிடிப்பவை. 10 மொழிகளில் ஆம்/இல்லை வகைக் கேள்விகளுக்கு விடை வர ஆகும் நேரத்தை அளந்து 2009-இல் வெளியான ஆய்வு, சராசரி இடைவெளி ஏறத்தாழ 0.2 நொடி என்று கண்டது. அந்த அளவோடு ஒப்பிட்டால் 0.8 நொடி நீண்ட நேரம்.

இப்போது எட்டு வரிக்கு வருவோம். 1-ஆம் வரியின் "-ல்ல?" கேள்வியை ஆமாம் பக்கம் சாய்க்கிறது. எதிர்பார்ப்புக்கு ஒத்த விடை பொதுவாக உடனே வரும், சுருக்கமாக வரும். ஒவ்வாத விடை தாமதத்தோடும் "ம்" போன்ற முன்னொட்டோடும் காரணங்களோடும் வரும். இது மனதுக்குள் இருக்கும் விருப்பத்தைப் பற்றிய பேச்சு அல்ல, விடையின் வடிவம் பற்றியது. 3-ஆம் வரியின் சொல் "ஆமாம்" என்கிறது, வடிவம் "இல்லை" என்கிறது. மருத்துவர் சொல்லை எடுத்துக்கொண்டு "சரி" என்று மூடி, "வேற ஒண்ணும்..." என்று நகர்கிறார். அந்தக் கேள்வி "இல்லையே?" என்று முடியப்போகிறது என்பதை யாரும் ஊகிக்கலாம். வாய்ப்பு கைநழுவும் அந்தக் கணத்தில், வாக்கியம் முடியும்வரைகூடக் காத்திராமல் நோயாளி உள்ளே நுழைகிறார்.

3-ஆம் வரி முழுமையான விடை அல்ல என்பதற்குச் சான்று, ஆய்வாளரின் ஊகம் இல்லை. 5-ஆம் வரியில் நோயாளியே அதைத் திருத்துகிறார். 7-ஆம் வரியில் மருத்துவர் அதைத் திருத்தமாகவே எடுத்துக்கொள்கிறார். ஒரு பேச்சை அடுத்து வருபவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதை அடுத்த முறையே காட்டுகிறது. உரையாடல் பகுப்பாய்வு ஏற்கும் சான்று இதுதான். புனைந்த பேச்சு செல்லாது என்பதும் இதனால்தான்: புனைந்தவருக்கு முடிவு முன்பே தெரியும், அடுத்த வரி அவர் கோட்பாட்டுக்கு ஏற்றபடி வந்துவிடும்.

இந்தத் துல்லியம் எதற்குப் பயன்படும்? ஜான் ஹெரிட்டேஜும் அவர் குழுவும் 2007-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்காவில் 20 குடும்ப மருத்துவர்களோடும் 224 நோயாளிகளோடும் நடந்தது. நோயாளி முதல் பிரச்சினையைச் சொன்ன பிறகு, ஒரு பகுதி மருத்துவர்கள் "வேறு ஏதும்" என்ற பொருளில் "எனிதிங்" என்று கேட்டார்கள். இன்னொரு பகுதியினர் "சம்திங்" என்றார்கள். மாற்றம் ஒரே சொல்லில்தான். "சம்திங்" என்று கேட்டபோது, நோயாளிகள் சொல்ல நினைத்து வந்து சொல்லாமலே திரும்பும் பிரச்சினைகள் 78 விழுக்காடு குறைந்தன. "எனிதிங்" என்று கேட்டதற்கும் எதையும் மாற்றாமல் இருந்ததற்கும் புள்ளியியல்படி வேறுபாடு காண முடியவில்லை. ஆங்கிலத்தில் "எனி" எதிர்மறை வாக்கியங்களோடு பழகிய சொல். கேள்வியை இல்லை பக்கம் சாய்க்கிறது.

இதை அப்படியே மொழிபெயர்த்துத் தமிழில் பயன்படுத்த முடியாது. "ஏதாவது" என்ற ஒரே சொல் இரண்டு இடத்திலும் வந்துவிடும். தமிழில் சாய்வை உண்டாக்குபவை வேறு: "வேற ஒண்ணும் இல்லையே?" என்பது இல்லை பக்கம், "வேற என்னென்ன இருக்கு?" என்பது உண்டு பக்கம். பிற மொழி ஆய்வின் முடிவைக் கடன் வாங்கலாம், அதன் சொற்களைக் கடன் வாங்கக் கூடாது.

இந்த அணுகுமுறை சொல்ல மறுப்பதும் உண்டு. மருத்துவர் அதிகாரம் செலுத்துகிறார் என்று முன்கூட்டியே சொல்ல அது ஒப்பாது. பேசுபவர்களே அதைப் பொருட்படுத்தி நடந்துகொள்வதைப் பேச்சிலிருந்து காட்ட வேண்டும் என்று கேட்கும். மொழியில் அதிகாரத்தைத் தேடும் விமர்சன ஆய்வாளர்களிடம் (அவர்களைப் பற்றிப் பின்னால் வரும்) ஷெக்லாஃப் 1997-இல் வைத்த வாதம் இதுவே. அடுத்த சில ஆண்டுகளுக்கு நீண்ட விவாதமாக அது வளர்ந்தது.

வகுப்பறைப் பேச்சைப் பற்றி ஒரு குறிப்பு. பர்மிங்காமில் ஜான் சின்க்ளேரும் மால்கம் கூல்ட்ஹார்டும் 1975-இல் பாடம் என்ற பெரிய அலகு முதல் செயல் என்ற சிறிய அலகு வரை ஐந்து படிநிலைகளை வகுத்தார்கள். அதில் நிலைத்துப் போனது மூன்று நகர்வுகளின் வரிசை: ஆசிரியர் கேட்பார், மாணவர் விடை சொல்வார், ஆசிரியர் மதிப்பிடுவார். மூன்றாவது நகர்வுதான் வகுப்பறையின் அடையாளம். "மணி என்ன?" என்று கேட்டவர், விடை கிடைத்ததும் "நல்லா சொன்ன" என்றால் அவருக்கு மணி முன்பே தெரியும் என்று பொருள். இந்த எடுத்துக்காட்டு ஹியூ மெஹன் 1979-இல் காட்டியது.

## தொனி தவறாகக் கேட்கும்போது

ஜான் கம்பர்ஸ் 1982-இல் பதிவு செய்த நிகழ்வு இது. பிரிட்டனில் ஒரு பெரிய விமான நிலையத்தின் பணியாளர் உணவகத்தில் இந்தியா, பாகிஸ்தானிலிருந்து வந்த பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்கள் கடுகடுப்பானவர்கள், ஒத்துழைக்காதவர்கள் என்று மேலாளர்களும் சாப்பிட வந்த சரக்குப் பணியாளர்களும் குறைபட்டார்கள். பதிவுசெய்து கேட்டபோது சிக்கல் ஒரு சொல்லில் இருந்தது. இறைச்சி வாங்குபவரிடம் குழம்பு வேண்டுமா என்று கேட்க, பிரிட்டிஷ் பணியாளர் "கிரேவி" என்ற சொல்லை ஏறுதொனியில் சொல்வார். இந்தப் பெண்கள் இறங்குதொனியில் சொன்னார்கள். அவர்கள் மொழி மரபில் அது பணிவான கேள்வி. எதிரில் இருந்தவர் காதில், "இது குழம்பு, வேண்டுமானால் எடு" என்பதுபோல் விழுந்தது.

இதுபோன்ற தொனி, வேகம், மொழி மாற்றம் ஆகியவற்றைச் சூழல் சுட்டிகள் என்றார் கம்பர்ஸ். அவற்றின் கெடுதி என்னவென்றால், இலக்கணப் பிழையை மக்கள் மொழிப் பிழையாக எடுத்துக்கொள்கிறார்கள். தொனிப் பிழையைக் குணக்கேடாக எடுத்துக்கொள்கிறார்கள். தமிழில் மிக வலுவான சூழல் சுட்டி, பேச்சு வழக்கிலிருந்து எழுத்து வழக்குக்குத் தாவுவது. நடுப்பேச்சில் ஒருவர் "நான் அவ்வாறு கூறவில்லை" என்றால் அது வெறும் மறுப்பு அல்ல, பதிவுக்காகச் சொல்லும் மறுப்பு. அதை "நான் அப்படி சொல்லல" என்பதோடு சமமாக எழுதிவிடுகிற எழுத்துப்பெயர்ப்பு, தரவையே அழித்துவிடுகிறது.

இங்கே சான்று இரண்டு: பதிவு, பிறகு அந்தப் பதிவைக் கேட்கும் பங்கேற்பாளர்களின் விளக்கம். கம்பர்ஸின் ஆய்விலும் அந்தப் பெண்களுக்கே பதிவைப் போட்டுக் காட்டிய பிறகுதான் சிக்கல் இரு தரப்புக்கும் விளங்கியது.

பணிவு பற்றிய கோட்பாட்டில் தமிழுக்கு நேரடி இடம் உண்டு. பெனலபி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978-இல் எழுதி 1987-இல் தனி நூலாக வந்த ஆய்வு மூன்று மொழிகளின் தரவில் எழுந்தது: ஆங்கிலம், மெக்சிகோவின் ட்ஸெல்டல், கோவை மாவட்டக் கிராமத் தமிழ். சமூகத் தொலைவு, அதிகாரம், கேட்கும் காரியத்தின் சுமை ஆகிய மூன்றும் கூடக் கூட, பேச்சு சுற்றி வளைத்து வரும் என்பது அதன் கணிப்பு. அந்தக் கோட்பாட்டைத் தமிழுக்குப் "பொருத்திப் பார்க்கிறோம்" என்று தொடங்கும் ஆய்வேடுகள், அதன் ஒரு பகுதி தமிழிலிருந்தே எழுந்தது என்பதைக் கவனிப்பதில்லை.

## எழுத்துப் பனுவல்

எழுத்துக்கு இரண்டு கருவிகள் முதன்மையானவை. ஹாலிடேயும் ருக்கையா ஹசனும் 1976-இல் பனுவலைப் பிணைப்பவற்றை ஐந்தாக வகுத்தார்கள்: சுட்டு, பதிலீடு, எச்சம் (சொல்லாமல் விடுவது), இணைப்பு, சொற்பிணைப்பு. ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் ஆய்வுக் கட்டுரை முன்னுரைகள் மூன்று நகர்வுகளில் நடப்பதைக் காட்டினார்: களத்தை நிறுவுவது, அதில் ஒரு வெற்றிடத்தைக் காட்டுவது, அந்த இடத்தை நிரப்புவது. கல்விசார் எழுத்தைக் கற்பிப்பவர்களுக்கு இதைவிடக் கைக்கொடுத்த கருவி குறைவு. ஒரு எச்சரிக்கை போதும்: பிணைப்புச் சொல் நிறைய இருந்தால் பனுவல் பொருளிசைவோடு இருக்கிறது என்று ஆகாது. "ஆகவே", "எனினும்" என்று அடுக்கிய பல மாணவர் கட்டுரைகளில் ஆகவேக்கு முன்னால் காரணம் இருக்காது.

## செய்தவர் எங்கே போனார்: விமர்சனக் கருத்தாடல் ஆய்வு

1979-இல் ரோஜர் ஃபவுலரும் உடன் எழுதியவர்களும் வெளியிட்ட நூலில், டோனி ட்ரூ ஒரு நிகழ்வைப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்று காட்டினார். 1975-இல் அன்றைய ரொடீஷியாவின் (இன்றைய ஜிம்பாப்வே) சாலிஸ்பரியில் போராட்டக்காரர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. லண்டனின் டைம்ஸ் தலைப்பில் கொல்லப்பட்டவர்கள் "கலவரக்காரர்களாக" முதலிலும், காவல்துறை செயப்பாட்டு வாக்கியத்தின் பின்பகுதியிலும் வந்தன. அதன் பின் வந்த எழுத்தில் சுட்டவர் மறைந்தார். "உயிரிழப்பு" மட்டும் மிஞ்சியது.

இங்கிருந்து வளர்ந்ததே விமர்சனக் கருத்தாடல் ஆய்வு. நார்மன் ஃபேர்க்ளோ, ரூத் வோடாக், டியூன் வான் டைக் மூவரும் மூன்று கிளைகள். ஃபேர்க்ளோ பனுவல், அது ஆக்கப்பட்டுப் பரவி வாசிக்கப்படும் முறை, சமூக நடைமுறை என்று மூன்று அடுக்கில் பார்க்கச் சொல்கிறார். வோடாக் வரலாற்றுச் சூழலைச் சேர்க்கிறார். வான் டைக் பனுவலுக்கும் சமூகத்துக்கும் நடுவில் மனப்படிமங்களை வைக்கிறார்.

தமிழில் இதைச் செய்கிறவர்கள் அதிகம் தவறுவது ஒரே இடத்தில்: ஆங்கிலப் பட்டியலை எடுத்துக்கொண்டு செயப்பாட்டு வினையைத் தேடுவது. தமிழில் "-படு" வினை பெரும்பாலும் எழுத்து வழக்குக்கு உரியது. செய்தவரை மறைக்கத் தமிழுக்கு வேறு வழிகள் உண்டு.

1. தன்வினை–பிறவினை இணைகள். "வீடுகளை இடித்தனர்", "வீடுகள் இடிக்கப்பட்டன", "வீடுகள் இடிந்தன". மூன்றாவதில் செய்தவர் மட்டுமல்ல, யாரோ செய்தார் என்ற நினைப்பே போய்விடுகிறது.
2. தொழிற்பெயரோடு "நடந்தது", "ஏற்பட்டது". "துப்பாக்கிச் சூடு நடந்தது" என்றால் துப்பாக்கி யார் கையில் இருந்தது என்று கேட்கவே தோன்றாது.
3. "-ஆம்" ஒட்டு. "வருவாராம்" என்பது செய்தியைச் சொன்னவரை மறைத்து, பொறுப்பையும் கைகழுவுகிறது.
4. "நாம்", "நாங்கள்". ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருந்து கேட்பவரை உள்ளிழுக்கவும் வெளியே தள்ளவும் முடிகிறது. தமிழில் பேசுபவர் தேர்ந்தே ஆக வேண்டும். ஓர் உரையில் "நாம்" எந்த வாக்கியத்தில் "நாங்கள்" ஆகிறது என்று குறித்துக்கொண்டே போனால், உரையின் எல்லைக்கோடு தானே தெரியும்.

முதல் வழி எட்டு வரியிலும் இருக்கிறது. "சில நாள் விட்டுப்போயிடுது" என்கிறார் நோயாளி. "விட்டுடுறேன்" என்று சொல்லவில்லை. மாத்திரை தானாக விட்டுப்போகிறது. செய்தவரை மறைப்பது அதிகாரத்தில் இருப்பவரின் உத்தி மட்டும் அல்ல என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. கண்டிக்கப்படக்கூடிய இடத்தில் இருப்பவருக்கும் அதுவே தற்காப்பு. வடிவத்தைப் பார்த்த உடனே உள்நோக்கம் கற்பிக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

ஹென்றி விடோசன் 1990-களில் இந்தத் துறையின்மேல் வைத்த குற்றச்சாட்டு கனமானது: நிலைப்பாட்டை முன்பே எடுத்துவிட்டு, அதற்கு ஒத்துவரும் பனுவலைத் தேர்ந்து, ஒத்துவரும் பொருளை வாசிப்பது. அதற்கு நேர்மையான மறுமொழி ஒன்றுதான்: எப்படித் தேர்ந்தோம் என்பதைச் சொல்வது, பொருந்தாத இடங்களையும் காட்டுவது. தரவகம், அதாவது கணினியில் தேடி எண்ணக்கூடிய பெரிய பனுவல் தொகுப்பு, கைகொடுப்பது அங்கே.

## எண்ணிப் பார்ப்பது

லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் பால் பேக்கரும் குழுவினரும் 1996 முதல் 2005 வரை பிரிட்டிஷ் பத்திரிகைகள் அகதிகள், புகலிடம் கோருவோர், குடியேறிகள் பற்றி எழுதியவற்றை 14 கோடிச் சொல் தரவகமாக்கி, 2008-இல் முறையியலையும் முடிவுகளையும் வெளியிட்டார்கள். கணினி சேர்ந்துவரும் சொற்களைக் கண்டது; தேடிய சொல் வரும் இடங்களையெல்லாம் சூழலோடு அடுக்கிய தொடரடைவு வரிகளை மனிதர் ஒவ்வொன்றாக வாசித்தார். "சட்டவிரோத அகதி" போன்ற, பொருளே இல்லாத தொடர்கள் அச்சில் வந்திருப்பதும் தெரிந்தது. அகதி என்பது சட்டம் ஏற்ற நிலை. அது சட்டவிரோதமாக இருக்க முடியாது.

தமிழ்த் தரவகத்தில் இதைச் செய்யும்போது மூன்று இடத்தில் கணக்கு தவறும்.

1. வேற்றுமை உருபுகள். "அகதி" என்று தேடினால் தனிச்சொல் மட்டும் வரும். "அகதிகளை", "அகதிகளுக்கான" எல்லாம் வேறு சொல்லாக எண்ணப்படும். வேர்ச்சொல்லோடு விரிகுறி (பின்னால் எது வந்தாலும் பொருந்தும் * போன்ற குறி) வைத்துத் தேடி, தேவையற்றவற்றைக் கையால் நீக்க வேண்டும்.
2. யூனிகோடு. "கொ" என்பதில் உள்ள உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் ஒரே உருவம். கணினிக்கு இரண்டு சொல். எண்ணும் முன் தொகுப்பு முழுவதையும் ஒரே வடிவத்துக்கு மாற்றுங்கள்.
3. சந்தியும் சொல் இடைவெளியும். "செய்து கொண்டிருந்தார்", "செய்துகொண்டிருந்தார்" இரண்டும் அச்சில் உண்டு. மொத்தச் சொல் எண்ணிக்கையே இதனால் மாறும், விழுக்காடும் மாறும்.

எண்ணிக்கை எவ்வளவு கூர்மையாக இருக்க முடியும் என்பதற்கு டெரெக் பென்ட்லி வழக்கு. இங்கிலாந்தில் 19 வயது பென்ட்லி, கூட்டாளி ஒரு காவலரைச் சுட்ட வழக்கில் 1953 ஜனவரியில் தூக்கிலிடப்பட்டார். அவர் வாக்குமூலம் கேள்வியே கேட்காமல் அவர் வாயால் வந்தது என்றது காவல்துறை. கூல்ட்ஹார்ட் அந்த 582 சொற்களை ஆராய்ந்தார். "பிறகு" என்ற பொருள் கொண்ட "தென்" என்ற சொல் 10 முறை வந்திருந்தது, அதாவது 58 சொல்லுக்கு ஒன்று. அவர் ஒப்பிட்ட சாதாரண சாட்சிகளின் வாக்குமூலங்களில் 930 சொல்லுக்கு ஒன்று. காவலர்களின் வாக்குமூலங்களில் 78 சொல்லுக்கு ஒன்று. "பிறகு நான்" என்ற இயல்பான வரிசை போய், "நான் பிறகு" என்ற வரிசையும் இருந்தது. அது காவல்துறை எழுத்தின் பழக்கம். 1998 ஜூலையில் தண்டனைத் தீர்ப்பு நீக்கப்பட்டது. அதற்கு முதன்மைக் காரணம் விசாரணை நீதிபதியின் தொகுப்புரை நியாயமாக இல்லாதது. மொழிச் சான்று மட்டும் வழக்கைத் திருப்பியது என்று சொல்வது மிகை. ஆனாலும், யாரும் கவனிக்காத ஒரு சின்னச் சொல்லின் இருக்கையிலிருந்து பேசியவர் யார் என்று கேட்க முடியும் என்பதை அது காட்டியது.

## செய்யும் வரிசை

1. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். "எப்படி நடக்கிறது" என்பது கேள்வியானால் பதிவும் உரையாடல் பகுப்பாய்வும். "ஏன் தவறாகப் புரிகிறது" என்றால் பதிவோடு பங்கேற்பாளர் விளக்கமும். "எத்தனை முறை, எதனோடு" என்றால் தரவகம். "யாருக்குச் சாதகம்" என்றால் விமர்சன ஆய்வு, அதோடு பனுவலுக்கு வெளியிலிருந்து சூழல் சான்று.
2. ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்யுங்கள். நேர்ப் பேச்சானால் காணொளி. ஒலி மட்டும் இருந்தால் தலையசைப்பு மௌனமாகப் பதிவாகி, இல்லாத தயக்கத்தைக் காட்டிவிடும்.
3. நேரத்தைக் கணக்கிடுங்கள். ஒரு மணி நேரப் பதிவில் சொற்களை மட்டும் எழுதவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும்; ஜெஃபர்சன் முறையில் 20 மணி நேரத்தையும் தாண்டும். எல்லாவற்றையும் மேலோட்டமாக எழுதி, தேர்ந்த சில நிமிடங்களை மட்டும் முழு நுணுக்கத்தோடு எழுதுவதே நடைமுறைக்கு ஏற்றது. மௌனத்தைக் காதால் மதிப்பிடாதீர்கள். இலவசமாகக் கிடைக்கும் பிராட், ஈலான் போன்ற மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்த்து அளக்கலாம்.
4. பேச்சை ஒலித்தபடி எழுதுங்கள். "சாப்பிடுறீங்கல்ல" என்பதைச் "சாப்பிடுகிறீர்கள் அல்லவா" என்று திருத்தினால் 1-ஆம் வரியின் சாய்வு தெரியாமல் போகும். பெயர்களை மாற்றும்போது அதே அசை எண்ணிக்கையில் மாற்றுங்கள்.
5. இரண்டு அணுகுமுறைகளைச் சேர்ப்பதானால், ஒன்றின் சான்று மற்றதன் முடிவைத் தாங்குமா என்று பாருங்கள். மூன்று நேர்காணலை வைத்துச் சமூகத்தின் சொல்லாடலைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. 14 கோடிச் சொல்லை வைத்து ஒரு நோயாளி ஏன் தயங்கினார் என்றும் சொல்ல முடியாது.
6. பொருந்தாத ஓர் இடத்தைத் தேடிப் பிடியுங்கள். ஷெக்லாஃப் 1968-இல் ஏறத்தாழ 500 தொலைபேசி அழைப்புகளின் தொடக்கத்தை ஆராய்ந்தபோது, அழைப்பை எடுப்பவரே முதலில் பேசுவார் என்ற விதி ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் பொருந்தியது. அந்த ஒன்றில், எடுத்தவர் பேசவில்லை. சற்று மௌனத்துக்குப் பின் அழைத்தவர்தான் "ஹலோ" என்றார். 499-ஐ நம்பி அந்த ஒன்றை அவர் ஒதுக்கவில்லை. விதியைக் கைவிட்டு வேறு எழுதினார்: மணி ஒலிப்பதே ஒரு கூப்பிடு, எடுப்பவரின் முதற்சொல் அந்தக் கூப்பிடுக்கு விடை. விடை வராததால் அழைத்தவர் மீண்டும் கூப்பிட்டார், இம்முறை வாயால். புது விதி 500 அழைப்புகளுக்கும் பொருந்தியது.